சுழல் எஞ்சினுக்குப் பெட்ரோல் செல்லும் வழி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

என் தந்தையாரின் வலக்கையில், மணிக்கட்டுக்கு மேலே, ஒரு தீத்தழும்பு உண்டு. பழைய மொபெட்டில் காய்கறிக் கூடையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று விற்றவர் அவர். ஒரு நாள் அதன் பெட்ரோல் டியூப் விரிசல் கண்டு ஒழுகித் தீப்பிடித்தது. சில ரூபாய் டியூபினால் வந்த வினை! எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வகுப்பில் திரவ ஓட்டம் பற்றிப் பாடம் நடக்கும்போதெல்லாம் அந்த டியூப்தான் என் கண்முன் நிற்கும். மாலையில் நான் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒரு நாள், மாஸ்டா ஆர்எக்ஸ்-7 என்னும் ஜப்பானியப் பந்தயக் கார் போன்ற வண்டியின் பெட்ரோல் குழாய்களை மாற்றும் காணொளி ஒன்றைக் கைப்பேசியில் கண்டோம். அந்தக் காரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆயினும், நன்றாக ஓடும் வண்டியில் குழாயை ஏன் மாற்ற வேண்டும் என்னும் கேள்வி என்னை விடவில்லை.

முதலில் எஞ்சினைப் பற்றிச் சிறிது. பிஸ்டன் மேலும் கீழும் செல்லாமல், முக்கோண வடிவச் சுழலி ஒன்று சுற்றிச் சுற்றி வரும் இந்த எஞ்சின், ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வான்கலின் சிந்தனையில் உதித்தது. 1957இல் என்.எஸ்.யூ. நிறுவனத்தில் முதன்முதலாக ஓடியது. பின்னர் அதை விடாப்பிடியாக வளர்த்த பெருமை மாஸ்டாவையே சேரும். 1991 இறுதியில் வெளிவந்து 2002 வரை தயாரிக்கப்பட்ட மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7இல் இரண்டு சுழலிகள். ஒவ்வொன்றும் 654 கன செ.மீ. உடன் இரண்டு டர்போக்கள். தொடக்கத்தில் 255 குதிரைத்திறன், பிற்காலத்தில் 280.

சுழலியின் மூன்று முனைகளிலும் 2 மி.மீ. தடிப்பே உள்ள சீல்கள் இருக்கின்றன. இந்த எஞ்சினின் உயிர்நிலை அவைதாம். டர்போ காற்றைத் திணிக்கும்போது அதற்கு ஈடான பெட்ரோல் வராவிட்டால் நாக்கிங் ஏற்படும். பிஸ்டன் எஞ்சின் அதைச் சிறிது நேரம் பொறுத்துக்கொள்ளும். இங்கோ ஒரே அடியில் சீல் உடைந்து, துண்டு வெளியேறும்போது டர்போவின் சக்கரத்தையும் பதம் பார்த்துவிடும். ஆகவே பெட்ரோல் குறைவது என்பது இந்த வண்டியில் வேகம் குறைவது அன்று, எஞ்சினே போவது.

இனி கணக்கிற்கு வருவோம். இந்த எஞ்சினில் நிமிடத்திற்கு 550 கன செ.மீ. பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் இரண்டு, 850 பீய்ச்சுபவை இரண்டு. நான்கும் முழுமையாகத் திறந்தால் நிமிடத்திற்கு 2.8 லிட்டர்! குழாயின் உள்விட்டத்தை ஆறரை மி.மீ. என்று வைத்துக்கொண்டு, ஆரத்தின் நான்காம் அடுக்கு என்னும் பாய்சே விதியைப் போட்டு, விடை கண்டுவிட்டதாகத் துள்ளினேன். தாளைப் பார்த்த விரிவுரையாளர், “ரெனால்ட்ஸ் எண்ணைப் பார்த்தாயா?” என்று மட்டும் கேட்டார். பார்த்தேன், ஏறக்குறைய 15,000 வந்தது. ஓட்டம் சீரானதன்று, சுழிப்பு ஓட்டம். பாய்சே விதிக்கு அங்கே வேலையே இல்லை. சரியான சூத்திரத்தில் மீண்டும் போட்டபோது, நான்கு மீட்டர் குழாயில் இழப்பாகும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.12 கிலோ அளவே வந்தது. இன்ஜெக்டர்களுக்கு வேண்டிய அழுத்தமோ ஏறத்தாழ 3 கிலோ. அதாவது, வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால் குழாய் குறுகியதன்று! திறனை இரு மடங்காக்க விரும்புவோருக்குத்தான் இழப்பு நான்கு மடங்கை நெருங்கும். அவர்கள் உள்விட்டம் 8.7 மி.மீ. அளவுள்ள ‘ஏஎன்-6’ குழாயைப் போடுகிறார்கள். இழப்பு பழைய அளவுக்கே இறங்கிவிடுகிறது. ஏஎன் என்பது அமெரிக்கத் தரைப்படை, கடற்படையைக் குறிக்கும். 6 என்பது அங்குலத்தின் பதினாறில் ஆறு பங்கு.

அப்படியானால் திறனைக் கூட்டாதவர்களும் ஏன் மாற்றுகிறார்கள்? இதற்கு விடை கணக்கில் இல்லை, ரப்பரில் இருக்கிறது. சுழல் எஞ்சினின் புகை மிகுந்த சூடுடையது. போதாக்குறைக்கு டர்போக்களும் பக்கத்திலேயே கொதிக்கின்றன. ஆண்டுக்கணக்கில் அந்தச் சூட்டில் கிடக்கும் ரப்பர் இறுகி, வெடிப்பு விடுகிறது. காற்று உள்ளே செல்லும் குழாய்த் தொகுதியின் அடியில், பெட்ரோலின் துடிப்பை அடக்கும் டாம்பர் ஒன்றும் ஒளிந்திருக்கிறது. அது பழுதாகிப் பெட்ரோல் கசிந்து எரிந்த ஆர்எக்ஸ்-7கள் உண்டு. மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாத இடம்!

வேலை செய்வோர் பம்பின் மின்னிணைப்பை எடுத்துவிட்டு, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்கிய பிறகே குழாயில் கை வைக்கிறார்கள். தொழிற்சாலை அமைப்பில் இன்ஜெக்டர் ரெயில்கள் இரண்டும் தொடர் இணைப்பில் உள்ளன. பலர் அதைப் பக்க இணைப்பாக மாற்றுகிறார்கள். மின்சுற்றில் நாம் படித்ததேதான்! ரெயில்களுக்குப் பின் ரெகுலேட்டர். டர்போ ஒரு கிலோ தள்ளினால் இதுவும் பெட்ரோல் அழுத்தத்தை ஒரு கிலோ உயர்த்தும். இல்லாவிடில் உள்ளிருக்கும் காற்றே பெட்ரோலை எதிர்க்கும். டேங்குக்குத் திரும்பும் குழாயையும் பலர் மறக்கிறார்கள். அது குறுகிப்போனால் எஞ்சின் மெதுவாக ஓடும்போது அழுத்தம் இறங்க வழியின்றித் தவிக்கும்.

இணைப்புகளில் ஒரு நுட்பம் உண்டு. ஏஎன் இணைப்பின் வாய் 37 பாகைச் சரிவுடையது. சாதாரண மோட்டார் இணைப்புகள் 45 பாகை. இரண்டும் பொருந்துவதுபோல் தோன்றும், ஆனால் கசியும். கார்புரேட்டர் வண்டிக்கான டியூபையும் இங்கே போடலாகாது. டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கென்று தனி வகை ரப்பர் வேண்டும். வெளியே போடும் டியூபை உள்ளே போட்டால் பெட்ரோலில் ஊறிக் கெட்டுவிடும். என் தந்தையாரிடம் இதைச் சொன்னபோது, “வெளியே ஊறினா என்ன, உள்ளே ஊறினா என்ன, ஒழுகாம இருந்தா சரி” என்றார்.

எல்லாம் முடிந்தபின் எஞ்சினை உடனே கிளப்புவதில்லை. தீயணைப்பான் ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு, பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் மீதும் காகிதத்தை ஒற்றி ஈரம் படிகிறதா என்று பார்க்கிறார்கள். ஈரம் கண்டால் மீண்டும் கழற்ற வேண்டியதுதான். இதைக் காணொளியில் கண்ட அன்று இரவே, வீட்டு மொபெட்டின் டியூபில் ஒரு காகிதத்தைச் சுற்றிப் பார்த்தேன். உலர்ந்தே இருந்தது.