குட்டைக் கால், பருத்த எலும்பு: 'காப்' குதிரைகள்

மாணவர்களே, குதிரை என்றதும் உங்கள் கண்முன் எது வந்து நிற்கிறது? பெரும்பாலும் பந்தயக் குதிரையாகத்தான் இருக்கும். நீண்ட மெல்லிய கால்கள், ஒட்டிய வயிறு, காற்றில் பறக்கும் பிடரி மயிர். இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் குதிரை அதற்கு நேர்மாறானது. கால் குட்டை, கழுத்து தடிமன், மார்பு அகலம், பின்புறம் நல்ல உருண்டை. பந்தயத்தில் விட்டால் கடைசியாகத்தான் வரும். ஆனால், மோட்டார் வண்டி வருவதற்கு முன் பிரிட்டனின் பால்காரர், ரொட்டிக்கடைக்காரர், கிராமத்து மருத்துவர், உழவர் எனப் பலரும் இப்படிப்பட்ட குதிரையைத்தான் நம்பியிருந்தார்கள். இதன் பெயர் 'காப்'.

ஆங்கிலத்தில் உருண்டு திரண்ட பொருள்கள் சிலவற்றுக்கும் இதே சொல் உண்டு. மக்காச்சோளக் கதிரும் காப்தான், ஒரு வகை உருண்டை ரொட்டியும் காப்தான். குதிரையைப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் புரியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். காப் என்பது ஒரு குதிரை இனமா? ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். உலகின் வளர்ப்புக் குதிரைகள் எல்லாமே ஒரே உயிரினத்தைச் சேர்ந்தவை. அதற்குள் 'இனம்' என்றால் தாய் தந்தை யார் என்று பதிவேட்டில் எழுதிக் காக்கப்படும் வம்சம். 'வகை' என்றால் உடல்வாகும் செய்யும் வேலையும். காற்பந்துக் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய குடும்பப் பெயர் இனம் போன்றது. கோல்காவலர் என்ற பொறுப்பு வகை போன்றது. எந்தக் குடும்பத்தில் பிறந்தவரும் கோல்காவலர் ஆகலாம். அதுபோல, பெற்றோர் யாரென்றே தெரியாத குதிரைகூட, உடல் சரியாக அமைந்திருந்தால் பிரிட்டனில் காப் என்றே அழைக்கப்படும். 'வெல்ஷ் காப்', 'நார்மன் காப்' போன்ற சில மட்டும் பதிவேடு உள்ள தனி இனங்களாகிவிட்டன.

பிரிட்டிஷ் குதிரைக் கண்காட்சிகளில் காப் பிரிவில் நிற்கும் குதிரையின் உயரம் பொதுவாக 148 செண்டிமீட்டருக்கு மேலும் 155 செண்டிமீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். தலை உச்சிவரை அளப்பதில்லை. தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும் விலங்கை அப்படி அளக்க முடியாது அல்லவா? கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் உள்ள மேட்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

குதிரைக்காரர்கள் இதையே '15.1 ஹேண்ட்' என்பார்கள். ஒரு ஹேண்ட் நான்கு அங்குலம். வகுப்பில் இதைச் சொன்னால் உடனே யாராவது 15.1-ஐ நான்கால் பெருக்கி 60.4 அங்குலம் என்பார்கள். அது தவறு! இங்கே புள்ளி தசமப் புள்ளி இல்லை. 15 ஹேண்டும் மேற்கொண்டு 1 அங்குலமும் என்று பொருள். ஆகவே 61 அங்குலம், அதாவது ஏறக்குறைய 155 செண்டிமீட்டர். 15.3-க்கு அடுத்து வருவது 15.4 இல்லை, 16. கணிதத்தில் நான்கடிமான எண்களைப் படிப்பவர்களுக்கு இது பழகிய சங்கதிதான்.

எலும்பில் இருக்கிறது வலிமை

கனமான காப் குதிரை 14 ஸ்டோனுக்கு மேல், அதாவது சுமார் 89 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவரைச் சுமக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது கண்காட்சி வழக்கம். இவ்வளவு குள்ளமான குதிரை எப்படிச் சுமக்கிறது?

அதன் முன்காலைப் பாருங்கள். நாம் முழங்கால் என்று நினைக்கும் மூட்டு உண்மையில் நமது மணிக்கட்டுக்கு இணையானது. அதற்குக் கீழே உள்ள நீண்ட எலும்பு, நம் உள்ளங்கையின் நடுவிரலுக்கு நேரே இருக்கும் எலும்பு. குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலின் நுனியில் நிற்கிறது! அந்த விரலின் நகமே குளம்பு. உடல் எடையெல்லாம் அந்த ஒற்றை எலும்பின் வழியாகத்தான் தரைக்கு இறங்குகிறது. எனவே, குதிரை வாங்குபவர்கள் அந்த இடத்தில் நாடாவைச் சுற்றி அளந்து பார்ப்பார்கள். தோலும் தசைநாண்களும் சேர்ந்தே அளவில் வரும் என்றாலும் நல்ல குறிப்புதான்.

இதில் இயற்பியல் இருக்கிறது. நசுக்கும் விசையைத் தாங்கும் ஆற்றல் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. ஒரு குதிரையின் கால் சுற்றளவு 20 செண்டிமீட்டர், இன்னொன்றுக்கு 22 என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 10 விழுக்காடுதான் கூடுதல். ஆனால், பரப்பு ஆரத்தின் இருபடியைப் பொறுத்ததால் 21 விழுக்காடு கூடிவிடும். நாடாவில் இரண்டு செண்டிமீட்டர் என்பது சின்ன விஷயம் இல்லை. காலும் குட்டையாக இருப்பதால் புவிஈர்ப்பு மையம் தாழ்ந்து, வண்டி இழுக்கும்போது உடல் எளிதில் தடுமாறாது.

வேல்ஸ் மலைகளும் துள்ளோட்டமும்

காப் குதிரைகளில் மிகவும் புகழ்பெற்றது வேல்ஸ் நாட்டின் வெல்ஷ் காப். குளிரும் மழையும் காற்றும் நிறைந்த மலைப்பகுதி அது. புல் இருக்கும், ஆனால் சத்துக் குறைவு. பெரிய உடலுக்குத் தீனி போதாது. சிறிய உடலும், கிடைத்ததைக் கொண்டு பிழைக்கும் செரிமானமும் கொண்ட குதிரைகளே குளிர்காலத்தைத் தாண்டி அடுத்த ஆண்டு குட்டி ஈன்றன. இயற்கைத் தெரிவு என்று பாடநூலில் படிக்கிறீர்களே, அதுதான் இது.

இந்தக் குதிரைகளுக்கு ஓர் அரசரால்கூட ஆபத்து வந்தது. கவச வீரர்களைச் சுமக்கப் பெரிய குதிரைகள் வேண்டும் என்று விரும்பிய எட்டாம் ஹென்றி, 1535-லும் 1541-லும் குதிரை இனப்பெருக்கத்துக்கு உயர வரம்பு வைத்துச் சட்டம் போட்டார். எளிதில் போய்ச் சேர முடியாத மலைப்பகுதிகளில் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது கடினமாக இருந்ததால் சிறிய குதிரைகள் தப்பின என்று கருதப்படுகிறது.

பின்னர் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் நார்ஃபோக் ரோட்ஸ்டர் போன்ற சாலைக் குதிரைகளின் இரத்தமும் கலந்தது. 1901-ல் வேல்ஸில் இவற்றுக்கென ஒரு சங்கம் தொடங்கி, அடுத்த ஆண்டே வம்சப் பதிவேடு வெளிவந்தது. இன்று அதில் ஏ, பி, சி, டி என நான்கு பிரிவுகள் உண்டு. 12 ஹேண்டுக்கு உட்பட்ட மலை மட்டக்குதிரை 'ஏ'. 13.2 ஹேண்டுக்கு மேற்பட்ட காப் 'டி'. அதற்கு மேல்வரம்பே கிடையாது. கார்டிகன் என்ற ஊரில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை 'பார்லி சனி' என்ற விழா நடக்கிறது. பார்லி விதைப்பு முடிந்த களிப்பில் தொடங்கிய அந்த நாளில், வெல்ஷ் காப் ஆண் குதிரைகளைத் தெருவழியே ஓட்டிக் காட்டுவார்கள்.

அந்த ஓட்டத்துக்குப் பெயர் 'ட்ராட்', அதாவது துள்ளோட்டம். இடது முன்காலும் வலது பின்காலும் ஒன்றாக எழும். பிறகு மற்ற இரண்டும். நடையைவிட வேகம், பாய்ச்சலைவிட மெது. சாலையில் வண்டி இழுக்க இதுவே உகந்தது. ஏன் என்பதற்கு 1981-ல் ஹொய்ட், டெய்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள். சிறிய குதிரைகளை ஓடுபொறியில் நடக்கவும் ஓடவும் பழக்கி, முகமூடி மாட்டி, அவை எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகின்றன என்று அளந்தார்கள். நடை, துள்ளோட்டம், பாய்ச்சல் மூன்றுக்கும் தனித்தனியே ஒரு சிக்கன வேகம் இருந்தது. வேகம் கூடும்போது நடையைத் தொடர்வது வீண் செலவு. துள்ளோட்டத்துக்கு மாறினால் மிச்சம். யாரும் சொல்லித்தராமலே குதிரைகள் அந்தச் சிக்கன வேகத்தையே தேர்ந்தெடுத்தன. கார் ஓட்டுநர் கியர் மாற்றுவதைப் போலத்தான்.

நார்மன் காப் பிரான்சின் வடமேற்கில், நார்மண்டிப் பகுதியைச் சேர்ந்தது. அங்கே இராணுவத்துக்காக வளர்த்த குதிரைகளில் சவாரிக்கு ஆகாத கனமானவற்றை, ஆங்கிலேயரைப் பார்த்து காப் என்று அழைக்கத் தொடங்கினார்கள். வெல்ஷ் காப்பைவிடப் பெரியது. வாலை வெட்டும் கொடுமை இதற்கும் இருந்தது. கடிவாள வார் வாலில் சிக்காமல் இருக்க வேண்டும் என்பது காரணம். பிறகு அதுவே அழகு என்றாகிவிட்டது. வால் என்பது முதுகெலும்பின் தொடர்ச்சி. அதை வெட்டினால் எலும்பையே வெட்ட வேண்டும். ஈ, கொசுக்களை விரட்டும் முக்கியக் கருவியும் போய்விடும். பிரிட்டன் 1949-லும் பிரான்ஸ் 1996-லும் இதைத் தடை செய்தன. இவ்வளவு காலம் ஏன் ஆயிற்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கறுப்பு வெள்ளைத் திட்டுகள்

படங்களில் நீங்கள் அதிகம் பார்த்திருக்கக்கூடியது ஜிப்சி காப். கறுப்பும் வெள்ளையுமாகப் பெரிய திட்டுகள், கால்களின் கீழ்ப்பகுதியில் குளம்பை மூடும் நீண்ட முடி. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நாடோடிகளாக வாழ்ந்த ரோமானி மக்கள், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் 'வார்டோ' என்ற வீட்டு வண்டிகளில் குடியிருக்கத் தொடங்கினார்கள். அந்த வீட்டை இழுக்க ஒரு குதிரை வேண்டும். குழந்தைகள் அதன் காலடியில் விளையாடினாலும் மிரளக்கூடாது. அப்படிப்பட்ட அமைதியான குதிரைகளையே அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தார்கள். ரோமானி மக்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள். அவர்கள் மொழியில் ஐந்து 'பாஞ்ச்', பத்து 'தேஷ்'. இந்திப் படம் பார்ப்பவர்கள் காதுக்கு இது புதிதாக இருக்காது.

திட்டுகளின் மரபியல் சுவையானது. இந்த அமைப்புக்கு 'டோபியானோ' என்று பெயர். மூன்றாவது குரோமோசோமில் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பி ஒட்டியிருப்பதே காரணம். வெள்ளைப் பகுதித் தோலில் நிறமிச் செல்கள் இல்லை. இது ஓங்கு பண்பு. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு பிரதி வந்தாலே போதும். ஒரு பிரதி மட்டும் உள்ள குதிரை, திட்டு இல்லாத குதிரையோடு சேர்ந்தால் குட்டிக்குத் திட்டு வரும் வாய்ப்பு பாதி. இரண்டு பிரதிகள் உள்ள குதிரையின் குட்டிகள் எல்லாமே திட்டோடு பிறக்கும். ஒரு பிரதி உள்ள இரண்டு குதிரைகள் சேர்ந்தால்? கட்டம் போட்டு நீங்களே கண்டுபிடியுங்கள்.

கால் முடிக்கு ஒரு விலை உண்டு. அடர்ந்த முடிக்குள் நுண்ணிய உண்ணிகள் தங்கி அரிப்பைத் தரும். இவ்வகைக் குதிரைகள் சிலவற்றுக்குக் காலில் நிணநீர் தேங்கி, தோல் தடித்து மடிப்பு மடிப்பாகும் நோயும் வருகிறது. முடி மறைத்துவிடுவதால் முற்றிய பிறகே தெரியவரும்.

வேலை போன பின்

இப்போது வேல்ஸ் மலைக்குத் திரும்புவோம். சத்தில்லாத புல்லில் பிழைத்து, நாள் முழுதும் உழைப்பதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட உடல் அது. கிடைக்கும் ஆற்றலை வீணாக்காமல் கொழுப்பாகச் சேர்த்து வைக்கும். இன்றோ பெரும்பாலான காப் குதிரைகளுக்கு வாரத்தில் சில மணி நேரச் சவாரிதான் வேலை. நிற்பதோ உரமிட்ட, சர்க்கரை மிகுந்த பச்சைப் புல்வெளியில். அதே சிக்கனம் இப்போது அதற்கே எதிரியாகிவிட்டது.

உடல் பருத்த குதிரைகளில் பலவற்றுக்கு இரத்தத்தில் இன்சுலின் அளவு ஏறிவிடுகிறது. நீரிழிவைப் பற்றிப் பேசும் நம் வீடுகளில் இன்சுலின் தெரிந்த பெயர்தான். ஆனால் குதிரையை அது தாக்கும் இடம் வேறு: குளம்பு. குளம்புக்குள் இருக்கும் எலும்பை, மடிப்பு மடிப்பான மெல்லிய திசுக்கள்தாம் குளம்புச் சுவரோடு பிணைத்துத் தாங்குகின்றன. அவை வலுவிழந்தால் எலும்பு தன் இடத்திலிருந்து நழுவும். 'லாமினைட்டிஸ்' என்னும் இந்நோய் முற்றினால், விரல் நுனியில் நிற்கும் அந்த விலங்கால் நிற்கவே முடியாது. வலியைப் போக்க வழியில்லாமல் கருணைக்கொலை செய்ய நேர்வதும் உண்டு. 2007-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நலமாக இருந்த மட்டக்குதிரைகளின் இரத்தத்தில் இன்சுலினை உயர்த்தியே இந்த நோயை உண்டாக்கிக் காட்டினார்கள். இன்சுலினே காரணமாக முடியும் என்பது அதனால் உறுதியானது.

சிக்கல் என்னவென்றால், காப் இயல்பாகவே உருண்டை. பருமனா, உடல்வாகா என்று உரிமையாளருக்கே தெரிவதில்லை. கண்காட்சியில் பரிசு வாங்கும் பளபளப்பான குதிரை சில நேரங்களில் நோயின் விளிம்பில் நிற்கும் குதிரையாகவும் இருக்கும். அதனால்தான் விலங்கு மருத்துவர்கள், கண்ணை நம்பாமல் கையால் தடவிப் பாருங்கள் என்கிறார்கள். இலேசாக அழுத்தினால் விலா எலும்புகள் விரலில் தட்டுப்பட வேண்டும். கழுத்தின் மேல்வரம்பு கல்போல் கெட்டியாக இருந்தால் ஆபத்து. புல்லைக் குறைத்து மேய, வாயில் துளையிட்ட கூடு மாட்டுவதும், வைக்கோலை ஊறவைத்துச் சர்க்கரையைக் குறைத்துக் கொடுப்பதும் நடைமுறையில் உள்ள வழிகள்.

இன்னொரு துயரமும் உண்டு. திட்டுக் குதிரைகளுக்கு மவுசு கூடியபோது பலர் கணக்கில்லாமல் குட்டிகளைப் பெருக்கினார்கள். விலை சரிந்ததும் யாருடைய நிலத்திலோ விட்டுவிட்டுப் போனார்கள். இதைத் தடுக்க வேல்ஸில் 2014-லும் இங்கிலாந்தில் 2015-லும் தனிச் சட்டங்களே தேவைப்பட்டன.

வேலை கிடைத்த காப்களும் இருக்கின்றன. பிரிட்டனில் 1969-ல் தொடங்கிய மாற்றுத்திறனாளிகள் குதிரைச் சவாரிச் சங்கத்தில் இவை தேடப்படுபவை. குதிரை நடக்கும்போது அமர்ந்திருப்பவரின் இடுப்பு அசையும் விதம், மனிதர் நடக்கும்போது அசைவதைப் போன்றே இருக்கும். காலால் நடக்க இயலாத சிறுவனின் உடல் தசைகள் அந்த அசைவுக்கு ஈடுகொடுத்துப் பழகுகின்றன. பிரான்சிலோ சில ஊர்களில் கனமான வண்டிக் குதிரைகள் குப்பை வண்டி இழுக்கின்றன. வீட்டுக்கு வீடு நின்று நின்று போகும் அந்த வேலையில், ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் ஏறி இறங்க வேண்டியதில்லை. ஒரு குரல் கொடுத்தால் குதிரை தானே அடுத்த வாசலுக்கு நகர்ந்து நிற்கும்.