அண்டை வீட்டு ஆடுகளம்

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு ஓர் உண்மை அனுபவத்தால் விளங்கும். சொந்த ஊரில் ஒருவன் காட்டும் பண்பைவிட, அயலூரில் அவன் காட்டும் பண்பே அவனை அளக்கும் அளவுகோலாகும். வந்தவனை ஊரார் எவ்வாறு நடத்துகின்றனர் என்பதோ அந்த ஊரை அளக்கும் அளவுகோல். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கத் தக்கது, 2004-ஆம் ஆண்டில் இந்தியக் கிரிக்கெட் கோஷ்டி பாகிஸ்தானில் மேற்கொண்ட சுற்றுப்பிரயாணம்.

நமது கோஷ்டி முதன்முதலாகப் பாகிஸ்தான் சென்றது 1954-55-இல், வினு மன்கட்டின் தலைமையில். எதிர்க்கோஷ்டியின் காப்டனான அப்துல் ஹபீஸ் கர்தார், 1946-இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கோஷ்டியில் ஆடியவர். ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்தபின் நேற்றைய தோழர் இன்றைய எதிராளியானார். தோற்றுவிடக் கூடாது என்ற அச்சம் இரு தரப்பையும் ஆட்கொண்டிருந்தது போலும். ஐந்து டெஸ்ட் பந்தயங்களும் வெற்றி தோல்வியின்றியே முடிந்தன. ஆனால் லாகூர் பந்தயத்தைக் காண ஆயிரக்கணக்கான இந்தியர்கள் எல்லை கடந்து சென்று வந்தனர். பிரிவினையின் புண் ஆறாத காலத்தில் அது சிறிய செய்தியன்று.

1960-61-க்குப் பின் பதினேழு ஆண்டுகள் இரு நாடுகளும் டெஸ்ட் பந்தயங்களில் சந்திக்கவேயில்லை. இடையில் 1965, 1971 ஆகிய ஆண்டுகளில் போர்கள் மூண்டன. 1978-இலும் 1982-83-இலும் அங்கே சென்று தோற்றுத் திரும்பினோம். 1984-இல் பிரதமர் இந்திரா காந்தி கொலையுண்ட செய்தி வரவே, சுற்றுப்பிரயாணம் பாதியில் நின்றது. 1989-இல் நமது சென்னையைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் தலைமையில் சென்றபோது நான்கு டெஸ்ட் பந்தயங்களும் முடிவின்றி நின்றன. ஆக, அரை நூற்றாண்டு முயன்றும் அம்மண்ணில் ஒரு டெஸ்ட் வெற்றிகூட நமக்குக் கிட்டவில்லை.

இங்கே தமிழர் நினைவில் கொள்ளவேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக நமக்கு 271 ரன்கள் தேவைப்பட்டன. முதுகுவலியைப் பொருட்படுத்தாது சச்சின் டெண்டுல்கர் 136 ரன்கள் எடுத்தார். அவர் ஆட்டமிழந்தபோது வேண்டியவை 17 ரன்களே. எனினும் எஞ்சியவர்கள் விரைவில் வீழ, 12 ரன்களில் தோற்றோம். நெஞ்சு கனத்துப்போன அவ்வேளையில், சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கரகோஷம் செய்து வென்றவர்களை வாழ்த்தினார்கள். பாகிஸ்தான் வீரர்களும் மைதானத்தைச் சுற்றி வந்து அந்த வாழ்த்தை ஏற்றுக்கொண்டனர்.

அதே ஆண்டில் கார்கில் போர் வந்தது. 2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்டது. அதன் விளைவாக, 1976 முதல் இரு நாடுகளையும் இணைத்த சம்ஜௌதா எக்ஸ்பிரஸ் நிறுத்தப்பட்டது. 2004 ஜனவரியில் அது மீண்டும் ஓடத் தொடங்கியது; மார்ச் மாதம் கிரிக்கெட் கோஷ்டி புறப்பட்டது. ஆட்டத்தை மட்டுமன்றி இதயங்களையும் வென்று வருமாறு பிரதமர் வாஜ்பாய் வீரர்களுக்குச் சொல்லி அனுப்பினார்.

மார்ச் 13-இல் கராச்சியில் நடந்த முதல் ஒருநாள் பந்தயத்தில் இந்தியா 349 ரன்கள் குவித்தது. காப்டன் இன்சமாம் உல் ஹக் 122 ரன்கள் எடுத்துப் போராடியும், பாகிஸ்தான் 344-இல் நின்றுவிட்டது. கராச்சி மக்கள் எழுந்து நின்று இந்தியரைப் பாராட்டினர். சேப்பாக்கத்துக் கடன் வட்டியுடன் திருப்பித் தரப்பட்டது எனலாம். நம் நாட்டிலிருந்து ஆட்டம் காணச் சென்றவர்களிடம் லாகூர்க் கடைக்காரர்கள் பலர் காசு வாங்க மறுத்த செய்திகளும் வந்தன.

ஒருநாள் பந்தயங்களில் 3-2 என்று வென்றோம். பின்னர் முல்தான் டெஸ்டில் வீரேந்தர் சேவாக் 309 ரன்கள் எடுத்தார். டெஸ்டில் முச்சதம் கண்ட முதல் இந்தியர் அவரே. அப்பந்தயத்தை இன்னிங்ஸும் 52 ரன்களும் மிகுதியாகப் பெற்று வென்றோம். லாகூரில் பாகிஸ்தான் ஒன்பது விக்கெட்டுகளில் வென்று பதிலடி கொடுத்தது. ராவல்பிண்டியில் ராகுல் திராவிட் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்று 270 ரன்கள் சேர்க்க, சென்னை இளைஞர் லட்சுமிபதி பாலாஜி இரு இன்னிங்ஸிலும் சேர்த்து ஏழு விக்கெட்டுகளைச் சாய்த்தார். தொடர் 2-1 என நமதாயிற்று. ஷோயப் அக்தரின் வேகப்பந்தைச் சிக்ஸராக அடித்த பாலாஜியின் சிரிப்பில் அந்நாட்டு ரசிகர்களும் மயங்கினர். பள்ளி மாணவனாக அதைத் தொலைக்காட்சியில் கண்ட எனக்கு, எங்கள் ரயில்வே குடியிருப்பின் பிற மொழிச் சிறுவர்கள் "உங்கள் ஊர்க்காரர்!" என்று கை குலுக்கியது இன்றும் நினைவிலுள்ளது.

"இவ்வளவும் நடந்து என்ன பயன்? பகை தீர்ந்ததா?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். 2008 நவம்பரில் மும்பையில் தாக்குதல் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கவிருந்த சுற்றுப்பிரயாணம் கைவிடப்பட்டது. 2007 டிசம்பரில் பெங்களூரில் ஆடியதற்குப்பின் இரு நாடுகளும் டெஸ்ட் ஆடவில்லை. சம்ஜௌதா எக்ஸ்பிரஸும் 2019-இல் நின்றுபோயிற்று. அரசுகள் செய்யவேண்டிய வேலையைப் பந்தும் மட்டையும் செய்துவிட இயலாது. இழப்புக்கு ஆளான குடும்பங்களின் துயரை ஆட்டத்தின் பெயரால் மறைப்பதும் முறையன்று.

ஆயினும் நம் கையில் இருப்பது ஒன்று உண்டு. பந்தய நாளன்று அண்டை வீட்டாரின் தேசபக்தியை, அவர் எந்தச் சமயத்தவர் என்பதைக் கொண்டு சோதிக்கும் தீய வழக்கம் சில இடங்களில் காணப்படுகிறது. அதன் கசப்பை நாம் எளிதில் உணரலாம். ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாடும் நாம் வாழும் மாநிலமும் மோதும்போது, "நீங்கள் எந்தப் பக்கம்?" என்ற கேள்வி நம்மை நோக்கியும் வருகிறதன்றோ? வேடிக்கையாகக் கேட்டால் சிரித்துக்கொண்டே விடை சொல்கிறோம். சந்தேகத்தோடு கேட்டால் அது முள்ளாய்க் குத்துகிறது. அம்முள்ளைப் பிறர் காலில் நாம் தைக்கலாகாது.

அடுத்த முறை இந்தியா - பாகிஸ்தான் ஆட்டம் வரும்போது, குழந்தைகள் இந்தியா வெல்லவேண்டுமென்று உரக்கவே கூவட்டும். கூடவே, 1999-இல் தோற்ற பின்னும் எழுந்து நின்று கை தட்டிய சென்னைவாசிகளின் கதையையும் பெற்றோர் அவர்களுக்குச் சொல்லவேண்டும்.