உடைமையும் உறைவிடமும்: மாத்தளைத் தமிழர் குடும்பங்களில் ஒரு சட்டப் பிரச்சினை

லயக் காம்பராவிற் பிறந்து அங்கேயே மடிந்த தலைமுறைகளுக்கு, 'என் வீட்டை விட்டு வெளியேறு' என்று உறவினரிடம் சொல்லும் சட்டத்தகுதி இருந்ததில்லை. வீடு தோட்டத்துக்குரியது, நீக்கும் அதிகாரமும் தோட்டத்துக்கே உரியதாயிருந்தது. மாத்தளை நகரிலும் உக்குவளை, இறத்தோட்டைப் பகுதிகளிலும் உழைப்பின் சேமிப்பாற் காணி வாங்கி உறுதி முடித்த குடும்பங்களிடையே இன்று நிலைமை வேறு. அண்ணன் தம்பியையும், தாய் மகனையும் நீக்க முனையும் வழக்குகளுக்கு இடமேற்பட்டுள்ளது. இவற்றில் சட்டம் கூறுவது யாது என்பதை நாம் இங்கு ஆராய்வோம்.

முதலில் ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். தேசவழமை யாழ்ப்பாணத்துத் தமிழருக்குரியது. கண்டியச் சட்டம் கண்டிச் சிங்களவருக்குரியது. மாத்தளையில் வாழும் மலையகத் தமிழரை ஆள்வது உரோம-டச்சு மரபின் வழிவந்த பொதுச் சட்டமாகும்.

அச்சட்டத்தின்கீழ் எழும் முதல் வினா, 'வீடு என்னுடையது மட்டுந்தானா?' என்பதே. தந்தை மரணசாசனமின்றி இறப்பின், 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அவரது ஆதனத்தின் அரைப்பங்கு மனைவிக்கும், எஞ்சியது பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். ஆகவே வீட்டில் இருந்து வரும் மூத்த மகன் தனியுரிமையாளன் அல்லன், கூட்டுரிமையாளருள் ஒருவனே. அவன் தங்கையை நீக்க முடியாது. ஒரு கூட்டுரிமையாளரின் ஆட்சி ஏனையோரின் ஆட்சியாகவே கொள்ளப்படும் என்பதைப் பிரிவுக் கவுன்சில் 1911இல் கொறயா எதிர் இசேரிஸ் அப்புஹாமி வழக்கில் நிலைநாட்டியது. பிணக்குக்கு வழி, 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்ப் பாகப்பிரிவினை கோருவதேயாகும்.

வீடு உண்மையாகவே ஒருவருக்கு மட்டும் உரியதாயின், அவர் அனுமதியுடன் தங்கும் உறவினர் அனுமதியாளரே. அனுமதியை மீளப்பெற்று, வெளியேறுமாறு எழுத்தில் அறிவித்து, மாவட்ட நீதிமன்றில் வழக்கிடலாம். 'பத்தாண்டு இருந்தேன்; எனக்கே சொந்தம்' என்ற வாதம் இங்கு எளிதில் எடுபடாது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வேண்டுவது உரிமையாளருக்கு எதிரான ஆட்சியை. அன்பின் பேரில் அளித்த இடம் அத்தகையதன்று. எனினும், உரிமையாளரின் சம்மதத்துடன் தன் பணத்தில் அறை கட்டியவர் அதற்கு நட்டஈடு கோர இடமுண்டு.

பூட்டை மாற்றுதல், பொருள்களை வெளியே வீசுதல் ஆகியன உரிமையின் பாற்பட்டவையல்ல. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி, பிணக்கு மன்றுக்கு அறிவிக்கப்படுவதற்கு முந்திய இரு மாதத்துள் பலவந்தமாக நீக்கப்பட்டவரை நீதிமன்றம் மீளவும் இருத்தலாம். அது உரித்தைத் தீர்மானிப்பதன்று, அமைதியைக் காப்பதே. இன்னும், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், வன்முறையாளரே வீட்டுக்காரராயினும், அவர் அவ்வீட்டினுட் புகுவதைத் தடுக்கும் கட்டளைக்கு வழிசெய்கின்றது.

இவற்றின் சமூகப் பொருளை நாம் மறத்தலாகாது. கொழுந்து பறித்த கைகளின் சேமலாப நிதியும் நகையும் வீடாகின்றன. உறுதியிலோ பெரும்பாலும் ஆணின் பெயர் மட்டுமே இடம்பெறுகின்றது. வீட்டுக்குக் காசு கொடுத்த தமக்கை பின்னொருநாள் தம்பியின் 'அனுமதியாளர்' ஆகிவிடுகிறாள். மகனுக்கு நன்கொடை உறுதி எழுதும் தாய், தனக்குச் சீவிய உரித்தை ஒதுக்காது விடின், தன் வீட்டிலேயே அந்நிலையை அடைகிறாள். நீதிமன்றம் ஏட்டில் உள்ளதைக் கொண்டே பெரிதும் தீர்ப்பளிக்கும். உழைப்பு ஏட்டில் ஏறாவிடின் அதனை மெய்ப்பிப்பது கடினம்.

ஆகவே வெளியேற்றப் பிரச்சினை வழக்கிடும் நாளில் தோன்றுவதன்று. நொத்தாரிசின் முன் கையெழுத்திடும் நாளிலேயே தோன்றுகின்றது. தோட்டத்துரையின் தயவில் வாழ்ந்தவர்கள் இன்று உறவினரின் தயவில் வாழ நேரின், உடைமை கைமாறியதேயன்றி விடுதலை கிட்டியதாகாது. உழைத்தோர் அனைவரின் பெயரும் உறுதியில் ஏறுவதே அதற்கான முதற்படி என்பது எமது துணிபு.