பந்து மலைப்பாம்பின் நிறத்திரிபுகளை அறியுமாறு

பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்பது நம்மவர் பழமொழி. ஆயின், ஆள் வரக் கண்டு தானே நடுங்குவதொரு பாம்பும் உலகிலுண்டு. மேற்கே செனெகல் தொடங்கிக் கிழக்கே உகாண்டா வரையிலுள்ள ஆப்பிரிக்கப் புல்வெளிகளிலும் அவற்றை அடுத்த காடுகளிலும் அஃது வாழ்கின்றது. மலைப்பாம்பினத்தைச் சேர்ந்ததாயினும் மூன்று முதல் ஐந்தடி நீளமே வளர்வது, நஞ்சில்லாதது. அச்சமுற்றக்கால் தலையை உள்ளே மறைத்து உடலைப் பந்துபோலச் சுருட்டிக் கிடக்கும். அதுபற்றியே அமெரிக்கர் அதனைப் பால் பைத்தன் என்பர். யாம் ஈண்டுப் பந்து மலைப்பாம்பு என வழங்குவோம். கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளினின்று இவை பெருந்தொகையாக அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகி, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுப் பிராணிகளாக வளர்க்கப்படுகின்றன. நம் நாட்டிலும் வளர்ப்போருளர். 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி அவர்கள் அரசாங்கத்திற் பதிவு செய்துகொள்ளல் வேண்டும்.

இப்பாம்பின் இயற்கை நிறம் கரும்பழுப்பு, அதன்மேற் பொன்னிறத் திட்டுகள் படர்ந்திருக்கும், அடிவயிறு வெண்மை. காட்டில் மிக அரிதாக, இந்நிறத்தின் வேறுபட்டதொரு குட்டி பிறத்தலுண்டு. அத்தகைய திரிபை வளர்ப்போர் மார்ப் என்பர். 1992-ஆம் ஆண்டில் அமெரிக்கரான பாப் கிளார்க் என்பார் அல்பினோ என்னும் வெளிறிய திரிபைத் தம் வளர்ப்பிடத்திலேயே பிறப்பித்து, அந்நிறம் மரபுவழி இறங்குவதென்று காட்டினார். அன்றுதொட்டு இத்துறை பெருவாணிகமாயிற்று. ஒரு திரிபை மற்றொன்றோடு சேர்த்துப் பெற்ற கலப்புகளையும் எண்ணின் பெயர்கள் ஆயிரக்கணக்கின. இவ்வாணிகத்திற் பெயரே விலை. ஆதலின், ஒரு பாம்பு இன்ன திரிபெனத் துணிதல் வெறும் பொழுதுபோக்கன்று.

கண்ணாலேயே துணியத்தக்கன சில. அல்பினோவின் உடலிற் கருநிறப்பொருள் இன்மையால் வெண்மையும் மஞ்சளுமே எஞ்சும், கண் சிவந்திருக்கும். பைபால்ட் என்பது, உடலின் ஒருபகுதி இயற்கை நிறமும் ஏனைப்பகுதி சுண்ணாம்பு தீற்றினாற்போன்ற தூய வெண்மையுமாகத் தோன்றுவது. வெண்மையின் அளவு மட்டும் பாம்புக்குப் பாம்பு வேறுபடும். ஏனையவற்றிற் கண் ஏமாறுதல் எளிது. பாஸ்டல் என்னும் திரிபு முட்டையினின்று வெளிப்படுங்கால் பளிச்சென்ற மஞ்சளாயிருந்து, ஆண்டு செல்லச்செல்லப் பழுப்பேறும். மஞ்சளே இல்லாத சாம்பல்நிற அக்சாந்திக் பாம்புகள் சிலவும் முதிர்ச்சியிற் பழுப்பாகும். எனவே வளர்ந்த பாம்பைப் பார்த்து இளமையின் நிறத்தைக் கூறுதல் அரிது. விளக்கொளியில் எடுத்த புகைப்படத்தை நம்புதலோ அதனினும் பேதைமை.

இன்னும் நுண்ணியது, மஞ்சள் வயிறு எனப் பொருள்படும் எல்லோ பெல்லி. இயற்கைப் பாம்போடு இதனை வைத்துப் பார்ப்பின், வயிற்றோரத்துப் புள்ளிகளிலும் நிறத்தின் தெளிவிலும் சிறிதே வேறுபாடு தோன்றும். பழகிய கண்ணும் இதனைத் தவறவிடும். ஆயின் இத்தகைய இரண்டு பாம்புகள் கூடின், குட்டிகளுள் நாலிலொன்று ஐவரி என்னும் தந்தநிறத்ததாய்ப் பிறத்தற்கு இடமுண்டு. அக்குட்டியைக் கண்டபின்னரே, தாயும் தந்தையும் இன்னவை என்பது ஐயமற விளங்கும். பெற்றோர்க்குப் பிள்ளையாற் பெயர் வருதல் பாம்புலகிலும் உண்டு போலும்!

வேறு சில திரிபுகள் முற்றிலும் மறைந்து கிடப்பன. அல்பினோ நிறம் வெளிப்பட வேண்டுமாயின் தாய் தந்தை இருவரிடமிருந்தும் அதற்குரிய மரபணு வருதல் வேண்டும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற பாம்பு இயற்கை நிறமாகவே இருக்கும். அதனை ஹெட் என்பர். இரண்டு ஹெட் பாம்புகள் கூடின், மெண்டல் பட்டாணிச் செடியிற் கண்ட கணக்கின்படி, நான்கிலொன்று அல்பினோ, இரண்டு ஹெட், ஒன்று யாதும் இல்லாதது. அல்பினோவை விலக்கி எஞ்சிய மூன்றும் பார்வைக்கு ஒன்றே. அவற்றுள் இரண்டு ஹெட் ஆதலின், ஒவ்வொன்றையும் நூற்றுக்கு 66 ஹெட் என்று எழுதி விற்பர். இது பாம்பைப் பற்றிய செய்தியன்று. அதன் பெற்றோரைப் பற்றிய செய்தி. விற்பவன் பெற்றோரை அறியானாயின், அன்றி அறிந்தும் பொய் கூறுவானாயின், அவ்வெண்ணுக்கு யாதொரு பொருளுமில்லை.

ஒத்த தோற்றமும் ஒரே மரபைக் காட்டாது. அல்பினோவும் வெளிறியது, செங்கண்ணது. லாவெண்டர் அல்பினோவும் அத்தகையதே. ஆயினும் இவ்விரண்டையும் கூட்டினால் இயற்கை நிறக் குட்டிகளே பிறக்கும். ஏட்டுச்சுவடி ஆராய்வோர்க்கு இஃது புதிதன்று. இரண்டு சுவடிகளிற் பொருள் ஒருவாறே கெட்டிருக்கலாம். ஒன்றில் ஓரடியும் மற்றொன்றில் வேறோரடியும் விடுபட்டமையால் அக்கேடு விளைந்திருக்கும். இரண்டையும் ஒப்புநோக்கின், ஒன்றில் இல்லாததை மற்றொன்று நிரப்ப, மூலம் முழுமையாகக் கிடைக்கும். பாம்பிலும் நிகழ்வது அதுவே. 2022-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தார், வளர்ப்போர் அனுப்பிய பாம்புச்சட்டைகளைக் கொண்டே இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். அல்பினோவிற் கெட்டது டைரோசினேஸ் என்னும் நொதியை ஆக்கும் மரபணு. லாவெண்டரிற் கெட்டது ஓ.சி.ஏ.2 என்னும் வேறொன்று. தமிழ் பயிலும் யான் பாம்பைத் தொட்டறியேன். உரித்தெறிந்த சட்டையைப் படித்து மரபுணர்ந்த இச்செயலே என்னை இப்பொருளிற் புகச்செய்தது.

இனி, யாவரும் அறிந்தே தீரவேண்டிய திரிபொன்றைக் கூறுவேன். 1999-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவினின்று அமெரிக்கா சேர்ந்த ஒரு பாம்பின் வழிவந்தது ஸ்பைடர். சிலந்தியிழை போன்ற மெல்லிய கருங்கோடுகளால் அப்பெயர் பெற்றது. காண்பதற்கு மிக அழகியது. ஆனால் அவ்வழகோடு ஒரு நோயும் பிரியாது தொடர்கின்றது. தலை நிலைகொள்ளாது நடுங்கும். இரையைக் கௌவப் பாயுங்கால் குறி தவறும். கடுமையுற்றக்கால் மல்லாந்து உருளும். 2022-இல் வெளிவந்த மற்றோராய்வு, இவற்றின் உட்செவியில் உடற்சமநிலையைக் காக்கும் உறுப்புகள் உருக்குறைந்திருத்தலைக் காட்டிற்று. நோயின் கடுமை ஒன்றற்கொன்று வேறுபடுமேயன்றி, அம்மரபணு இருக்குமிடத்து நோயும் இருக்கும். வளர்ப்போருட் சிலர் இதனைச் சிறு குறையென்பர். யான் அவ்வாறு கருதேன். இரையைக் குறிபார்க்க இயலாமை பாம்புக்குச் சிறு குறையாதல் எங்ஙனம்?

தீங்கை மிகுவிப்பது பெயர்தான். ஸ்பைடரும் பாஸ்டலும் சேர்ந்த பாம்புக்கு வண்டின் பெயரால் பம்பிள்பீ என்று பெயரிட்டனர். அப்பெயரிற் சிலந்தி இல்லை. தொகைச்சொல்லைப் பிரிப்பதுபோல அதனைப் பிரித்தறியாதவன், நோயையும் விலைகொடுத்து வாங்குகின்றான். இனி, லெஸ்ஸர், மொஹாவி என்னும் இரு திரிபுகள் கூடிய குட்டி தூவெண்ணிறமும் நீலக்கண்ணுமாகப் பிறக்கும். பார்த்தோர் யாவரும் விரும்புவது அது. அவ்வெண்மையின்கீழ் ஸ்பைடர் மரபணு இருப்பினும் கோடொன்றும் வெளித்தோன்றாது. அத்தகைய பாம்பை வாங்கப் புகுவோன் நிறத்தைப் பார்த்துப் பயனில்லை. பெற்றோரின் பதிவைக் கேட்டு, பின்னர் அதனைத் தரையில் விட்டு, இரை கொள்ளுங்கால் தலை நடுங்குகின்றதா என்று சிறிதுநேரம் பொறுத்திருந்து பார்த்தல் வேண்டும்.