பொருத்தில் புகும் நீர்

நெடுங்கடல் பயணத்துக்காகத் தனியாரும் குடும்பங்களும் வைத்திருக்கும் பாய்மரப் படகுகள் பொதுவாக 30 முதல் 45 அடி நீளம் உள்ளவை. அந்த இடத்துக்குள் சமையலறை, படுக்கை, கழிவறை, டீசல் எஞ்சின், குடிநீர்த் தொட்டி, பேட்டரிகள், நங்கூரச் சங்கிலி எல்லாம் அடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆயுள் உண்டு. உப்பும் வெயிலும் ஓயாத ஆட்டமும் அந்த ஆயுளைக் குறைத்துக்கொண்டே இருக்கும். வீட்டில் குழாய் ஒழுகினால் பிளம்பரை அழைக்கலாம். அடுத்த துறைமுகத்துக்கு இரண்டு வாரப் பயணம் இருக்கும்போது படகில் இருப்பவர்தான் பிளம்பர், அவர்தான் மெக்கானிக், எலக்ட்ரீஷியனும் அவர்தான். உரிமையாளர் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்வதால் பணம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் உயிருக்குப் பாதுகாப்பு என்பதே அதற்கான முதல் காரணம்.

உலகைத் தனியாளாக முதன்முதலில் சுற்றிவந்த ஜோஷுவா ஸ்லோக்கம் தன் படகைத் தானே கட்டி எழுப்பியவர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஃபேர்ஹேவன் ஊரில், வயலில் கைவிடப்பட்டுக் கிடந்த ‘ஸ்ப்ரே’ என்ற பழைய படகை அவர் ஏறக்குறைய முழுவதுமாகப் புதுப்பித்தார். 13 மாத உழைப்பு. பொருள்களுக்கான செலவு 553 டாலர் 62 சென்ட். 1895-ல் பாஸ்டனிலிருந்து புறப்பட்டு 1898-ல் நியூபோர்ட்டில் கரை சேர்ந்தார். எந்தப் பலகை எங்கே எப்படிப் பொருந்துகிறது என்று அறிந்தவர் கையில் அந்தப் படகு இருந்தது.

ஸ்லோக்கம் காலத்து மரப்படகுகளுக்குக் கப்பல் புழுவும் உளுத்துப்போதலும் பகை. பலகை இடுக்குகளில் அடிக்கடி கலப்பத்து அடிக்க வேண்டியிருந்தது. 1950-களின் இறுதியில் கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் வரத் தொடங்கின. 1959-ல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் பியர்சன் நிறுவனம் காட்டிய 28 அடி ‘ட்ரைட்டன்’ அவற்றில் புகழ்பெற்ற ஒன்று. தமிழகக் கடற்கரையில் மீனவர்கள் ஓட்டும் ஃபைபர் படகுகளும் இதே வகைப் பொருளால் ஆனவைதான். அறுபது வயதைத் தாண்டிய ஃபைபர் பாய்மரப் படகுகள் இன்றும் கடலில் ஓடுகின்றன. ஆனால் இவற்றுக்குப் பராமரிப்பே தேவையில்லை என்று ஒரு காலத்தில் பரவிய நம்பிக்கை பல படகுகளைப் பாழாக்கியது. ஃபைபர் உளுக்காது, அதற்குள் அடைத்திருக்கும் மரம் உளுக்கும், அதைத் துளைத்துச் செல்லும் உலோகம் அரிக்கும். படகின் பழுதுகளைத் தேடிப் போனால் பெரும்பாலும் ஏதாவது ஒரு பொருத்தில் புகுந்து வெளியேற வழியில்லாமல் தங்கிய நீரில்தான் போய் நிற்கும்.

பெரிய வேலைகள் படகைக் கரையேற்றும்போது நடக்கின்றன. குளிர்நாடுகளில் அது பனிக்காலம். வெப்பக் கடல்களில் சூறாவளிக் காலமே ஓய்வுக் காலமாகிறது. கரீபியனில் ஜூன் முதல் நவம்பர் வரை பல படகுகள் டிரினிடாட் தீவின் ஷகுவராமஸ் பட்டறைகளுக்குப் போய்விடும். தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம் என்பதால் அங்குள்ள படகோட்டிகள் நியூசிலாந்துக்கு இறங்குகிறார்கள். அகலமான பட்டைகளில் படகைத் தூக்கி, முட்டுக்கால்களில் நிறுத்தி, உயர் அழுத்த நீரால் அடிப்பாகத்தைக் கழுவுவது முதல் வேலை. கழுவிய அன்றே, ஈரம் காய்வதற்குள், அடியை முழுக்கப் பார்த்துவிடுவது நல்லது. விரிசலில் தேங்கிய நீர் அப்போதுதான் கசிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

அடிப்பாகத்துக்குப் பூசும் நஞ்சுப் பெயின்ட்தான் பாசியையும் கொட்டலசையும் தடுக்கிறது. அது தவறினால் சில மாதங்களிலேயே படகின் வேகம் கண்கூடாகக் குறையும். இன்று பெரும்பாலானவற்றில் நஞ்சாக இருப்பது தாமிரச் சேர்மம். முன்பு டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மம் பயன்பட்டது. பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடு கோணலாகி இனப்பெருக்கமும் படுத்த பிறகு, 1982-ல் அந்த நாடு சிறிய படகுகளில் அதற்குத் தடை விதித்தது. 2008-ல் உலகளாவிய தடை நடைமுறைக்கு வந்தது. தாமிரப் பெயின்ட்டின் தூசும் நுரையீரலுக்குக் கேடு. உலர்வாகத் தேய்க்கக் கூடாது. நீர் ஊற்றி, உப்புத்தாளால், முகக்கவசம் அணிந்து தேய்க்க வேண்டும்; கழிவைக் கடலில் விடாமல் சேகரிக்க வேண்டும்.

பெயின்ட்டுக்கு அடியில் சில படகுகளில் கொப்புளங்கள் தென்படும். ஃபைபரின் மேல்பூச்சு நீரை முற்றிலும் தடுப்பதில்லை. நுண்ணளவில் உள்ளே போகும் நீர், பிசினில் சரியாக இறுகாமல் எஞ்சிய பொருள்களைக் கரைத்து அடர்கரைசலாக மாறும். அந்தக் கரைசல் மேலும் நீரை இழுக்கும். அழுத்தம் கூடிப் பூச்சு உப்பும். குத்தினால் காடி நெடியுள்ள திரவம் வெளியே வரும். வாங்குபவர்களை மிகவும் மிரட்டுவது இதுதான். ஆனால் மிரட்டும் அளவுக்கு இது ஆபத்தானது அன்று. சில கொப்புளங்கள் இருந்தால் அவற்றை மட்டும் சுரண்டி, நன்னீரால் பலமுறை கழுவி, நன்றாகக் காயவிட்டு, எபாக்சி கலவையால் நிரப்பினால் போதும். காயவிடும் காலம் வாரக்கணக்கில், ஏன், மாதக்கணக்கில்கூட நீளும். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் பூசினால் கொப்புளம் மறுபடி வரும்.

கொப்புளத்தைவிடப் பல மடங்கு கவலைப்பட வேண்டியவை படகின் அடியில் உள்ள துளைகள். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் உள்ளே வரவும், கழிவறை நீரும் கழுவுதொட்டி நீரும் வெளியேறவும் நீர்மட்டத்துக்குக் கீழே பல துளைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு, அதிலிருந்து ஓர் ஓஸ் குழாய். ஒன்றரை அங்குலத் துளை ஒன்று நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே திறந்துகொண்டால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் நீர் பாயும். ஆளில்லாத படகு துறையிலேயே மூழ்க அது போதும். வால்வு வெண்கலமாக இருப்பது உத்தமம். சாதாரணப் பித்தளையில் உள்ள துத்தநாகத்தைக் கடல்நீர் மெல்லக் கரைத்துவிடும். மிஞ்சும் தாமிரம் இளஞ்சிவப்பு நிறத்தில், துளைகள் நிறைந்து, கைபட்டால் உதிரும் நிலையில் இருக்கும். உருவம் மட்டும் மாறாது என்பதால் ஏமாந்துபோவது எளிது. கரையில் இருக்கும்போது லேசாகச் சுரண்டி நிறத்தைப் பார்க்க வேண்டும். பிடியை மாதம் ஒருமுறையாவது திறந்து மூட வேண்டும். அசைக்காத வால்வு இறுகிக்கொள்ளும், அவசரத்தில் மூடாது. ஒவ்வொரு வால்வின் அருகிலும் அந்தத் துளைக்கு ஏற்ற கூம்பு வடிவ மரக்கட்டையைக் கயிற்றில் கட்டி வைப்பது பழைய வழக்கம். செலவே இல்லாத இந்த ஏற்பாடு எந்தப் படகிலும் விடுபடக் கூடாது.

கடல்நீரில் இரு வேறு உலோகங்கள் தொடர்பில் இருந்தால் ஒன்று மற்றொன்றுக்காகக் கரையும். உந்துவிசிறியும் அதன் தண்டும் கரையாமலிருக்க, தண்டில் துத்தநாகக் கட்டியைப் பொருத்துகிறார்கள். அது முதலில் கரைந்து மற்றதைக் காக்கும். பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். அதன் மேல் பெயின்ட் அடித்தால் பயனே போய்விடும்.

படகின் அடிக்கட்டையில் (கீல்) ஈயமோ இரும்போ பல டன் எடையில் தொங்குகிறது. அதை உடலோடு பிணைப்பவை சில போல்ட்டுகள். படகு தரைதட்டினால் அதிர்ச்சி முழுவதும் அங்கேதான் போகும். 2014 மே மாதம் ஆண்டிகுவாவிலிருந்து இங்கிலாந்து திரும்பிக்கொண்டிருந்த ‘சீக்கி ரஃபிக்கி’ என்ற படகின் அடிக்கட்டை வட அட்லாண்டிக்கில் கழன்று விழுந்தது. அதிலிருந்த நான்கு பேரும் உயிரிழந்தார்கள். முன்பு நேர்ந்த தரைதட்டல்களும் அதன் பிறகான பழுதுபார்ப்புகளும் அடிக்கட்டைப் பிணைப்பைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்று பிரிட்டிஷ் விசாரணை கூறியது. லேசான தரைதட்டல் என்று எதையும் ஒதுக்கிவிடக் கூடாது. உள்தரைப் பலகையைத் தூக்கி, போல்ட்டைச் சுற்றித் துரு வழிந்திருக்கிறதா, உள்சட்டகம் உடலோடு ஒட்டிய இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதில் சந்தேகம் வந்தால் உரிமையாளர் தானே முடிவெடுக்காமல் தகுதியுள்ள சர்வேயரை அழைக்க வேண்டும்.

மேல்தளத்தில்தான் பொறுமை அதிகம் தேவைப்படும். எடை குறைய வேண்டும் என்பதற்காக இரண்டு மெல்லிய ஃபைபர் தகடுகளுக்கு இடையே பால்சா மரத்தை வைத்துத் தளம் செய்கிறார்கள். காய்ந்திருக்கும்வரை மிக உறுதியான அமைப்பு அது. பிறகு அதில் கைப்பிடிக் கம்பி, கயிற்றுக் கப்பி, வேலிக்கால் என்று நூற்றுக்கும் மேற்பட்ட துளைகள் போடப்படுகின்றன. ஒவ்வொரு திருகின் கீழும் இருக்கும் பசை சில ஆண்டுகளில் காய்ந்து வெடிக்கும். மழைநீர் சொட்டுச் சொட்டாகப் பால்சாவுக்குள் இறங்கும். உள்ளே ஒழுகாததால் யாருக்கும் தெரியாது. ஒருநாள் தளம் காலுக்குக் கீழே அமுங்கும். பானை வாங்குபவர் தட்டிப் பார்ப்பதுபோல, சுத்தியலின் பிடியால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனால் உளுத்த பகுதியின் எல்லை தெரிந்துவிடும். நல்ல இடத்தில் கணீரென்ற ஓசை, உளுத்த இடத்தில் மந்தமான ஓசை.

திருகைச் சுற்றி மட்டும் ஈரம் என்றால் துளையைப் பெரிதாக்கி, உள்ளிருக்கும் ஈர மரத்தைக் கொக்கிக் கம்பியால் சுரண்டி எடுத்து, காயவிட்டு, கெட்டியான எபாக்சியால் அடைக்க வேண்டும். அது இறுகிய பின் அதன் நடுவே புதுத்துளை போட்டால் இனி நீர் வந்தாலும் மரத்தைத் தொடாது. பரப்பு பெரிதாக இருந்தால் மேல்தகட்டை அறுத்துத் தூக்கி, உளுத்ததை நீக்கி, புதுப் பால்சாவை ஒட்டி, தகட்டைத் திரும்பப் பதிக்க வேண்டும். சில வார வேலைதான். ஒருவர் கையால் செய்யக்கூடியதும்கூட. மறுபடி பொருத்தும்போது பாலியூரித்தேன் வகைப் பசையைத் தவிர்ப்பது நல்லது. அது பிடித்தால் விடாது. அடுத்த முறை கழற்றும்போது ஃபைபரையும் பெயர்த்துக்கொண்டு வரும். பியூட்டைல் நாடா மென்மையாகவே இருக்கும், எளிதில் கழற்றலாம்.

பாய்மரத்தைப் பிடித்து நிறுத்துபவை 19 இழைகள் முறுக்கிய எஃகுக் கம்பிகள். துருப்பிடிக்காத எஃகின் பாதுகாப்பு அதன் மேலுள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். காற்று பட்டால்தான் அது புதுப்பித்துக்கொள்ளும். கம்பியின் முனை செருகப்பட்ட குழலுக்குள்ளும், தளத்தைத் துளைத்துக் கீழிறங்கும் பிடிப்பட்டையிலும் ஈரம் தங்கும், ஆக்சிஜன் போகாது. வெளியே பளபளக்கும் எஃகு அங்கே குழிகுழியாக அரித்துப்போகும். பஞ்சால் கம்பியைத் துடைத்தால் அறுந்த இழை பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். குழல்முனையில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்தக் கம்பி மாற்றப்பட வேண்டியது. கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும் 10 முதல் 15 ஆண்டுகளில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது பொது வழக்கம். பட்டறை எந்திரம் இல்லாமல் ஸ்பேனராலேயே பூட்டக்கூடிய முனைகள் கிடைக்கின்றன. தொலைதூரம் போகிறவர்கள் அவற்றையும் படகின் மிக நீண்ட கம்பியளவுக்கு ஒரு சுருளையும் கூடவே வைத்திருப்பார்கள்.

பாய்களுக்கு வெயில் எதிரி. துணிக்கு முன்பே தையல் நூல் மக்கும் என்பதால், விரலால் நெருடிப் பார்த்து நூல் அறுந்தால் உடனே மறுதையல் போட வேண்டும்.

டீசல் எஞ்சின் அடிப்படையில் உறுதியானது. அதை நிறுத்துபவை அழுக்கு டீசலும் குளிர்நீர்த் தடையும். பாதி நிரம்பிய தொட்டியில் காற்றின் ஈரம் நீராகி அடியில் சேரும். நீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து கருஞ்சேறாகும். அமைதியான கடலில் அது அடியிலேயே கிடக்கும். அலை அடித்துக் கலக்கும்போது மேலெழுந்து ஃபில்டரை அடைக்கும். துறைமுக வாயிலில், காற்று எதிர்க்கும்போது எஞ்சின் நின்றுபோவதற்கு இதுவே அடிக்கடி காரணம். நீர்பிரிக்கும் ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தைத் தவறாமல் பார்ப்பது, தொட்டியை நிரப்பியே வைப்பது, ஃபில்டரை மாற்றிக் குழாயில் சேர்ந்த காற்றை வெளியேற்றக் கற்பது ஆகியவை கட்டாயம். ஒவ்வொரு முறை எஞ்சினைக் கிளப்பியதும் புகைக்குழாயில் நீர் வருகிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டும். வராவிட்டால் ரப்பர் இம்பெல்லரின் இதழ்கள் உடைந்திருக்கலாம். உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுக்காமல் புதியதைப் போட்டால், அவை வெப்பமாற்றியில் போய் அடைத்துக்கொள்ளும். எஞ்சின் கிளம்பாமல் நெடுநேரம் ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது கடல்நீர் வால்வை மூடிவிட வேண்டும். இல்லையென்றால் புகைக்குழாய் வழியே நீர் சிலிண்டருக்கே ஏறிவிடும். மூடியதைக் கிளம்பியவுடன் திறக்கவும் மறக்கக் கூடாது.

மின்வயர்களில் வெள்ளீயம் பூசிய தாமிரம் மட்டுமே கடலில் நிலைக்கும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடிப்பள்ளத்தில் தேங்கி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். சிலிண்டர் இருக்கும் அறை காற்றுப் புகாதபடி மற்ற அறைகளிலிருந்து பிரிந்து, அதன் வடிகால் கடலுக்கே திறக்க வேண்டும்.

செய்த வேலை, தேதி, எஞ்சின் ஓடிய மணி, மாற்றிய பாகத்தின் எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவந்தால் அடுத்தது என்ன என்று அதுவே சொல்லும். உதிரிபாகம் தீர்ந்துபோன இடத்தில் கைவேலை உதவும். உலகைத் தனியாளாகச் சுற்றும் 2022-23 கோல்டன் குளோப் பாய்மரப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த இந்தியக் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமி, காற்றறிந்து தானே திசைதிருப்பும் கருவி பழுதானபோது கழிவறைக் கதவை அறுத்து அதற்குப் பாகம் செய்தார்.

படகைத் திரும்ப நீரில் இறக்கும்போது பட்டைகளை உடனே அவிழ்த்துவிடக் கூடாது. அதில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இறங்கி, ஒவ்வொரு வால்வையும் தண்டு வெளியேறும் இடத்தையும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். கசிந்தால் அப்படியே மேலே தூக்கிவிடலாம். பாரம்பரியக் கயிற்று அடைப்பு உள்ள தண்டில், அது சுழலும்போது நிமிடத்துக்குச் சில சொட்டுகள் விழுவது இயல்பு. சுழலாதபோது நிற்க வேண்டும். கரையில் முட்டுக்கால்களில் நின்ற உடல் நீரில் மிதக்கும்போது சற்றே வடிவம் மாறும் என்பதால், பாய்மரக் கம்பிகளை ஓரிரு நாள் கழித்துத்தான் இறுதியாக முறுக்கி, திருகுகளில் பிளவு ஊசிகளைச் செருக வேண்டும்.