தூணில்லாமல் நிற்கும் பாலம்

கேரளத்தில் புனலூர் தொங்கு பாலத்தைப் பார்த்துவிட்டு சோரியாங்குப்பம் திரும்பிய அன்று, கொத்தனாரான என் அப்பா கேட்டார்: "நடு ஆத்துல தூணே இல்லன்றியே, அப்புறம் எதுலடா நிக்குது?"

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிப்பவன் நான். அப்பாவுக்குச் சொல்லத் தெரியாவிட்டால் நான் படித்து என்ன பயன்?

கொல்லையில் துணி காயும் கொடியைக் காட்டினேன். ஈரப்புடவை பாலத்தின் தளம், கயிறு சங்கிலி, கம்பங்கள் கோபுரங்கள். பாரம் ஏறினால் கயிறு கம்பங்களை உள்பக்கம் இழுக்கும். அதற்காகத்தான் பின்னால் முளை அடித்துக் கட்டுகிறோம். கயிறு விறைப்பாக இருந்தால் இழுவிசை கூடும். அதனால்தான் சங்கிலியைத் தொய்வாக விடுகிறார்கள்.

கல்லடையாற்றின் மேல் ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் 1877-இல் கட்டிய இப்பாலம் சுமார் 400 அடி நீளம். இரும்புச் சங்கிலிகள் இரண்டு கல் கோபுரங்களின் மேல் ஏறி இறங்குகின்றன. அவற்றின் முனைகள் கரையில் பூமிக்குள் பதிந்துள்ளன. சங்கிலியிலிருந்து தொங்கும் கம்பிகள் பலகைத் தளத்தைத் தாங்குகின்றன. இன்று வாகனங்கள் பக்கத்துக் கான்கிரீட் பாலத்தில்தான் போகின்றன.

"அப்ப கண்ணுக்குத் தெரியாத முளைதான் பாலத்தையே தாங்குது. நம்ம பெண்ணையாத்துக்கு இது ஆவுமா?" என்றார் அப்பா.

"நம்ம கரை மணல்பா. பாறை மாதிரி பிடிச்சிக்காது. முளைக்குப் பதிலா பெரிய கான்கிரீட் பாரத்தையே புதைக்கணும்."

"அதுக்கு எவ்ளோ ஜல்லி ஆவும்?"

நண்பர்களே, அந்தக் கணக்கைத்தான் இப்போது போட்டுக்கொண்டிருக்கிறேன்!