உங்களுக்குத் தெரியுமா? அண்ணாமலையாரே திதி கொடுக்கும் மன்னர்

2007 மார்ச்சில் 'கேப்டன் அமெரிக்கா' என்ற நாயகனைச் சித்திரக்கதையில் சுட்டுக் கொன்றபோது, அமெரிக்க நாளிதழ்கள் அதை நாட்டுச் செய்தியாகவே வெளியிட்டன. தேசியக் கொடியையே உடையாக அணிந்தவன் ஆயிற்றே! சில ஆண்டுகளில் கதாசிரியர்கள் அவனுக்கு உயிர் கொடுத்துவிட்டார்கள்.

அவன் கற்பனை நாயகன்; திருவண்ணாமலையின் நாயகரோ ரத்தமும் சதையுமாக வாழ்ந்தவர். ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளன், இன்றைய கர்நாடகத்திலுள்ள தம் தலைநகர் ஹளேபீடு டெல்லிப் படைகளால் சூறையாடப்பட்ட பிறகு இந்த ஊரிலிருந்து ஆண்டார். 1342-ஐ ஒட்டி, மதுரை சுல்தானுடன் திருச்சி அருகே கண்ணனூரில் நடந்த போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 80 என்கிறார் பயணி இபன் பதூதா. உரித்த தோலில் வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததை நேரில் கண்டதாகவும் எழுதியிருக்கிறார். படிக்கவே நெஞ்சு பதறுகிறது.

எதிரி அவமானப்படுத்திய அந்த உடலுக்கு ஊர் செய்த மரியாதை அபூர்வமானது. பிள்ளையில்லாத வல்லாளனுக்கு ஈசனே குழந்தையாக வந்தார் என்பது தலவரலாறு. ஆகவே ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அந்த ஈசனான அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு கௌதம நதிக்கரைக்கு எழுந்தருளி, மகன் ஸ்தானத்தில் நின்று திதி கொடுக்கிறார். சுற்றுவட்டாரக் கிராம மக்கள் திரண்டு வருகிறார்கள்.

கன்னட தேசத்து அரச குடும்பம், தமிழ்நாட்டுக் கோயில். அவர் எந்த மொழிக்காரர் என்று அந்தச் சடங்கில் யாரும் கேட்பதில்லை. மண்ணுக்காக மாண்டவர் இந்த மண்ணின் தகப்பன், அவ்வளவுதான். கோயிலுக்குள் அவர் பெயரில் வல்லாள கோபுரமும் நிற்கிறது.